கலிபோர்னியாவில் பள்ளி போர்டு தேர்தலில் நிற்பது எப்படி?

கேள்வி இது: அமெரிக்கக் குடியுரிமை பெற்று, கலிபோர்னியாவில் குடியிருந்து, பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் ஒருவர் 2026 நவம்பர் 3 தேர்தலில் தங்கள் பள்ளி மாவட்டத்தின் போர்டுக்கு (அங்குள்ள பொதுப் பள்ளிகளை மேற்பார்க்கும், மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு) நிற்க விரும்புகிறார். எங்கே தொடங்க வேண்டும், என்னென்ன தாக்கல் செய்ய வேண்டும், எங்கே சறுக்கும்?

இந்தத் தேர்தலில் கட்சி கிடையாது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. வாக்காளர்களில் பெரும்பாலானோர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளி முடித்து வருடங்கள் ஆகியிருக்கும். அவர்கள் கையில் இருப்பது உங்கள் பெயர், அதற்குக் கீழே தொழிலைச் சொல்லும் மூன்று சொல், வாக்காளர் கையேட்டில் நீங்கள் எழுதும் 200 சொல் அறிக்கை, இவ்வளவுதான். இந்த மூன்றும் ஆகஸ்ட் முதல் வாரத்தோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் பலரும் செப்டம்பரில்தான் சுறுசுறுப்பாகிறார்கள். தோல்விக்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து.

முதலில் தகுதி. 18 வயது, குடியுரிமை, அந்த மாவட்டத்துக்குள் வசிப்பிடம், அதே முகவரியில் வாக்காளர் பதிவு. இவ்வளவு போதும். படிப்புத் தகுதி கிடையாது. உங்கள் பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அதே மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் நிற்கலாம், ஆனால் வேலையை விட்ட பிறகுதான் பதவியேற்க முடியும்.

அடுத்து எந்த மாவட்டம், எந்த இடம் என்று உறுதி செய்யுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். இதில்தான் குழப்பம் அதிகம். கூபர்டினோவில் இருப்பவருக்கு எட்டாம் வகுப்பு வரை கூபர்டினோ யூனியன் மாவட்டம், உயர்நிலைக்கு ஃப்ரீமான்ட் யூனியன் மாவட்டம் என இரண்டு தனித்தனி போர்டுகள் இருக்கின்றன. அந்த ஃப்ரீமான்ட் யூனியனுக்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தமில்லை. நகரத்தின் மாவட்டம் ஃப்ரீமான்ட் யூனிஃபைட், கவுண்டியே (மாநிலத்தின் உள்நிர்வாகப் பிரிவு) வேறு. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்த பல இடங்கள், 2002-ல் நிறைவேறிய கலிபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்ற அச்சத்தில், ட்ரஸ்டி ஏரியா எனப்படும் சிறு தொகுதிகளாகப் பிரிந்துவிட்டன. ஏரியா முறை உள்ள இடத்தில் நீங்கள் அந்த ஏரியாவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டு. இடங்களில் ஏறத்தாழ பாதிக்கு இந்த முறையும் மீதிக்கு அடுத்த முறையும் தேர்தல் வரும். ஆகவே உங்கள் ஏரியாவுக்கு 2026-ல் தேர்தலே இல்லாமல் போகலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளும் மாறியிருக்கின்றன. பழைய வரைபடத்தை நம்பாமல் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் உங்கள் முகவரியைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டுக்கும் நகர சாசனப்படி தனி விதிகள். கீழே சொல்லும் சில விவரங்கள் அங்கே பொருந்தாது.

மனுத்தாக்கல் ஜூலை 13-ல் தொடங்கி ஆகஸ்ட் 7 மாலை 5 மணிக்கு முடியும். இப்போது பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் மற்றவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 12 வரை நீளும். பெரும்பாலான மாவட்டங்களில் கட்டணமும் இல்லை, முன்மொழிவோர் கையெழுத்தும் தேவையில்லை. கவுண்டி அலுவலகத்தில் படிவக் கட்டை வாங்கி, வேட்பாளர் பிரமாணத்தில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்தால் பெயர் வாக்குச்சீட்டில் வந்துவிடும். சொத்து, வருமான விவரம் சொல்லும் ஃபார்ம் 700-ஐயும் அதே கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் இந்தியா போயிருக்கும் நேரமாக இருந்தால், வேறொருவர் படிவம் வாங்க உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். கடைசி நாளில் போகாதீர்கள். ஒரு தாளில் தேதி விட்டுப்போனால் திருத்திக் கொடுக்க நேரம் இருக்காது. ஜூலை மூன்றாம் வாரத்தில் முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று: காலியிடங்களும் வேட்பாளர்களும் சமமாக இருந்தால் தேர்தலே நடக்காது. மனு போட்டவரே நியமிக்கப்பட்டுவிடுவார். சிறிய மாவட்டங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பதவிக்காலத்தின் நடுவே யாராவது விலகினால் 60 நாளுக்குள் போர்டே ஒருவரைத் தற்காலிகமாக நியமிக்கலாம், அல்லது தேர்தல் அறிவிக்கலாம். அப்போது விண்ணப்பமும் பொதுவெளி நேர்காணலும் இருக்கும். போர்டு கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய் வருபவருக்கு இது நல்ல வாசல்.

இனி அந்த மூன்று சொல். பெயருக்குக் கீழே அச்சாகும் தொழில் குறிப்பு மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது. இப்போது செய்யும் முக்கியத் தொழிலாகவோ, கடந்த ஆண்டில் செய்ததாகவோ இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் விவரத்தாளை உடன் இணைக்க வேண்டும்; இணைக்காவிட்டால் பெயருக்குக் கீழே வெற்றிடம்தான். ‘சமூக ஆர்வலர்’, ‘வரி செலுத்துபவர்’ போன்றவை தொழில் அல்ல, வெறும் அடையாளம் என்று தள்ளப்படும். ‘சிறந்த’, ‘நிபுணர்’ போன்ற புகழ்ச்சிச் சொற்களும் நிற்காது. பெயரோடு ‘டாக்டர்’ போன்ற பட்டம் சேர்க்க முடியாது. பிள்ளை வளர்ப்பும் வீட்டுப் பராமரிப்பும் தொழிலாக ஏற்கப்படுபவை. அதனால் ‘பெற்றோர்/பொறியாளர்’ என்ற பாணியில் எழுதுவது வழக்கம். என் கணிப்பில் வெறும் ‘மென்பொருள் பொறியாளர்’ என்பதைவிட இது நன்றாக எடுபடும். பள்ளிக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பித்தாலோ நிதித் துறையில் இருந்தாலோ அதை முன்னால் வையுங்கள்.

பெயரையும் யோசியுங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முதலிலும் நம் பெயர் பின்னாலும் பாஸ்போர்ட்டில் தலைகீழாக ஏறியிருப்பதுண்டு. வாக்காளர் பதிவில் என்ன இருக்கிறது, ஊரில் உங்களை எப்படி அழைக்கிறார்கள், வீட்டு வாசலில் வைக்கும் பலகையில் என்ன போடப்போகிறீர்கள் என்பதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். சுருக்கப் பெயர் பயன்படுத்துவதாக இருந்தால் மனுவிலேயே அப்படிக் கேளுங்கள். வாக்குச்சீட்டில் பெயர் வரும் வரிசை மாநிலச் செயலர் அலுவலகம் எடுக்கும் எழுத்துக் குலுக்கலைப் பொறுத்தது, அகரவரிசை அல்ல.

200 சொல் அறிக்கை கட்டாயமில்லை, ஆனால் அதை விட்டுவிட்டு நிற்பதில் பொருளில்லை. அச்சு, மொழிபெயர்ப்பு, தபால் செலவை வேட்பாளர்களிடம் பங்கிட்டு முன்பணமாக வாங்குவார்கள். சில மாவட்டங்கள் தாங்களே ஏற்கும். வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் வரை போகும். கவுண்டியின் வேட்பாளர் வழிகாட்டியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மதிப்பீடு போட்டிருப்பார்கள்; முதலில் அதைப் பாருங்கள், உங்கள் பட்ஜெட்டில் பெரிய ஒற்றைச் செலவு இதுவாகவே இருக்கலாம். எதிர் வேட்பாளரைக் குறிப்பிடக் கூடாது, கட்சிச் சார்பைச் சொல்லக் கூடாது. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 1,000 டாலர் வரை அபராதம். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடே அச்சாகும். கெடு முடிந்த அடுத்த வேலைநாள் மாலை 5 வரை திரும்பப் பெறலாம், திருத்த முடியாது.

எழுதும்போது முதல் 40 சொல்லுக்குள் நீங்கள் யார், ஊரில் எத்தனை ஆண்டு, பள்ளிகளில் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது வந்துவிட வேண்டும். பிறகு இரண்டு பிரச்சினை, ஒவ்வொன்றுக்கும் போர்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு நடவடிக்கை. கடைசியில் உங்களை ஆதரிப்போர் மூன்று நான்கு பேர், வலைத்தள முகவரி. ‘ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான கல்வி’ என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த இடம் வீண். ஆதரவாளர் பெயரைப் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பணத்தைப் பற்றிய விதிகள் கடுமையானவை. மேற்பார்வை எஃப்பிபிசி என்ற மாநில ஆணையத்திடம் இருக்கிறது. யாரிடமும் ஒரு டாலர் கேட்பதற்கு முன்பே ஃபார்ம் 501 தாக்கல் ஆகியிருக்க வேண்டும். ஓர் ஆண்டில் வரவோ செலவோ 2,000 டாலரைத் தொடாது என்றால் ஃபார்ம் 470 ஒன்றே போதும். 200 சொல் அறிக்கைக்காக உங்கள் கையிலிருந்து கட்டும் தொகை இந்த 2,000-ல் சேராது. 2,000-ஐத் தொட்டால் 10 நாளுக்குள் ஃபார்ம் 410 மூலம் பிரசாரக் குழுவைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம். தனி வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் சொந்தப் பணமும் முதலில் அந்தக் கணக்கில் போய்த்தான் வெளியே வர வேண்டும். பலகை அச்சடித்தவருக்குச் சொந்தக் கார்டில் கட்டிவிட்டு அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே மீறலாகிவிடும். பதிவுக்கும் வங்கிக்கும் இரண்டு வாரம் இழுக்கும் என்பதால் ஜூன் மாதமே தொடங்குவது நல்லது.

ஒருவர் மொத்தம் 100 டாலர் அல்லது அதற்கு மேல் தந்தால் அவர் பெயர், முகவரி, தொழில், வேலை தரும் நிறுவனம் எல்லாம் வரவு செலவு அறிக்கையில் வரும். 100 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த அறிக்கைதான் ஃபார்ம் 460; தேர்தலுக்கு முன் செப்டம்பர் 24, அக்டோபர் 22 இரண்டு கெடு. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒரே இடத்திலிருந்து 1,000 டாலர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் 497. பொருளாளர் என்று நண்பரின் பெயரைச் சும்மா போடாதீர்கள். தாமதத்துக்கும் பிழைக்கும் அவரும் பொறுப்பாளி.

நம்மவர்களுக்கு மிக முக்கியமான விதி இதோ. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் உள்ளூர்த் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக்கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே தரலாம். உங்கள் நண்பர் வட்டத்தில் பாதிப் பேர் விசாவில் இருப்பார்கள், அன்பாக 50 டாலர் அனுப்புவார்கள், அது சட்டவிரோதப் பணமாகிவிடும். நன்கொடைப் பக்கத்தில் ‘நான் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர்’ என்று உறுதி சொல்லும் கட்டத்தை வைத்துவிடுங்கள். விசாவில் இருப்பவர்கள் சம்பளமின்றித் தொண்டு செய்யலாம்: துண்டறிக்கை கொடுக்கலாம், வீட்டில் கூட்டத்துக்கு நாற்காலி போடலாம்.

அதேபோல் தமிழ்ச் சங்கம், கோயில், வார இறுதித் தமிழ்ப் பள்ளி போன்றவை 501(சி)(3) வரிவிலக்கு அமைப்புகளாக இருந்தால் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. பொங்கல் விழா மேடையில் தலைவர் ‘நம்ம ஆளுக்கு ஓட்டுப் போடுங்க’ என்று சொல்வது அந்த அமைப்பின் வரிவிலக்குக்கே ஆபத்து. எல்லா வேட்பாளரையும் அழைத்து ஒரே அளவு நேரம் தந்து கேள்வி கேட்டால் தவறில்லை. பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பிடிஏவுக்கும் இதே கட்டுப்பாடு. பள்ளியின் மின்னஞ்சல் பட்டியல், அச்சுப்பொறி, ஆசிரியரின் வேலை நேரம் எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. வகுப்புப் பெற்றோர் பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு, மறுநாளே புகாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும்.

எத்தனை வாக்கு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கவுண்டி இணையத்தில் முந்தைய தேர்தல்களின் வாக்குச்சாவடி வாரியான விவரம் கிடைக்கும். உதாரணமாக ஒரு ஏரியாவில் 12,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், 70 விழுக்காடு வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 8,400. வாக்குச்சீட்டின் அடியில் இருக்கும் பள்ளி போர்டு வரை வராமல் விட்டுவிடுபவர்கள் ஐந்தில் ஒருவர் என்றால் 6,700 மிஞ்சும். மூன்று பேர் போட்டியிட்டால் சுமார் 2,700 வாக்கு வெற்றிக்கு அருகில் கொண்டு வரும். இரண்டாம் சுற்று கிடையாது; அதிக வாக்கு பெற்றவர் வென்றார். தமிழர், இந்தியர் வாக்கு மட்டும் இதைத் தரும் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பலர் குடிமக்கள் அல்ல, குடிமக்களிலும் பதிவு செய்யாதவர்கள் இருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 2016-ல் நிறைவேறிய நகரச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி போர்டுக்கு வாக்களிக்க முடிகிறது. மற்ற ஊர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கலிபோர்னியாவில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிடும். அக்டோபர் 5 வாக்கில் அனுப்பத் தொடங்குவார்கள். நவம்பர் 3-ஐக் குறிவைத்து வேலை செய்தால் பாதிப் பேர் வாக்களித்து முடித்திருப்பார்கள். துண்டறிக்கை அக்டோபர் முதல் வாரத்தில் வீடு சேர வேண்டும். 200 பிரதிக்கு மேல் ஒரே மாதிரித் தபால் அனுப்பினால் உறையில் குழுவின் பெயரும் முகவரியும் படிக்கும்படி இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கவுண்டியிடம் விண்ணப்பித்து வாங்கலாம். தேர்தல் வேலை தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. எல்லா வீட்டுக் கதவையும் தட்டாமல், சென்ற மூன்று நான்கு தேர்தல்களில் தவறாமல் வாக்களித்தவர் உள்ள வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் 15, 20 கதவு தட்டலாம். மூன்றில் ஒன்று திறந்தால் நல்ல நாள். வேட்பாளரே வந்து நின்றால் கிடைக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. 18-க்கு 24 அங்குலப் பலகைகளை அனுமதி பெற்ற தனியார் இடத்தில் மட்டும் வையுங்கள்.

கதவைத் திறப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இப்போதே மாவட்டத்தின் பட்ஜெட்டையும் எல்கேப் எனப்படும் மூன்றாண்டுத் திட்டத்தையும் படியுங்கள். இரண்டையும் போர்டு ஜூலை 1-க்குள் நிறைவேற்ற வேண்டும். 2013-ல் வந்த நிதிச் சூத்திரப்படி ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகையும், ஆங்கிலம் கற்பவர், ஏழை மாணவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர் என்றால் அதன் மேல் 20 விழுக்காடும் கிடைக்கும். அதனால் வசதியான ஊரின் மாவட்டத்துக்கு மாநிலப் பணம் தலைக்குக் குறைவாகவே வரும். சொத்துவரியே அந்தத் தொகையைத் தாண்டும் பாலோ ஆல்டோ போன்ற இடங்கள் விதிவிலக்கு. பணம் சேர்க்கை எண்ணிக்கைக்கு அல்ல, தினசரி சராசரி வருகைக்குத்தான். டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகும் குடும்பங்களால் மாவட்டம் இழக்கும் தொகை உண்மையானது; முன்கூட்டியே சுயப் படிப்பு ஒப்பந்தம் போட்டு, பாட வேலையை முடித்துக் கொடுத்தால் அந்த வருகை கணக்கில் சேரும். இதை நம் பெற்றோருக்கு விளக்கக்கூடிய வேட்பாளர் மாவட்டத்துக்கே பயன்படுவார். செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சம்பளமும் பலன்களும். ஆகவே ‘வீண்செலவைக் குறைத்து வகுப்பைச் சிறிதாக்குவேன்’ என்பது கணக்கில் நிற்காது.

இந்தியப் பெற்றோர் அதிகம் கேட்பது கணக்குப் பாடம். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா வேண்டும் என்பார்கள். 2023-ல் மாநிலம் ஏற்ற கணித வழிகாட்டி கட்டாயமல்ல. எந்தப் பாடத்தை எந்த வகுப்பில் தருவது என்பது உள்ளூர் முடிவு. ஒன்பதாம் வகுப்பில் மாணவரை எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு நியாயமான, வெளிப்படையான கொள்கையைப் போர்டு வகுக்க வேண்டும் என்று 2015-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆக, உங்களுக்கு உண்மையான பிடி இருக்கும் இடம் அந்தக் கொள்கை. ஆனால் ஐந்து பேரில் உங்களுடையது ஒரு வாக்கு. ஆசிரியரை மாற்றுவதும் முதல்வரிடம் நேரே உத்தரவிடுவதும் போர்டு உறுப்பினரின் வேலை அல்ல. போர்டு வேலைக்கு வைப்பது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டெண்டை, மற்றவை அவர் வழியாகத்தான். ஆசிரியர் சங்கத்தின் நேர்காணலில் இதைத்தான் முதலில் சோதிப்பார்கள். அவர்கள் ஆதரவு கிடைக்காவிட்டாலும் நேர்காணலுக்குப் போங்கள். நாளை சம்பள ஒப்பந்தம் பேசப்போவது அவர்களோடுதான்.

வாக்கு எண்ணிக்கை வாரக்கணக்கில் நீளும், முதல் இரவு முன்னிலை மாறலாம். வென்றவர் பதவிக்காலம் டிசம்பர் இரண்டாம் வெள்ளி, அதாவது 11-ம் தேதி தொடங்கும். ஆனால் கூட்டங்களைப் பொதுவில் நடத்தச் சொல்லும் பிரவுன் சட்டம், பதவியேற்கும் முன்பே, தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கட்டுப்படுத்தும். ஐவர் போர்டில் மூவர் சேர்ந்து மாவட்ட விஷயத்தை வாட்ஸ்அப்பில் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஒருவர் மற்றொருவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொன்னாலும் அப்படித்தான். பழைய பெற்றோர் குழுக்களில் சக உறுப்பினர்கள் இருந்தால் அங்கே மாவட்ட விவாதத்தைத் தவிருங்கள். தோற்றாலும் வென்றாலும் மிச்சக் கடனைத் தீர்த்து, கடைசி ஃபார்ம் 460-ஐயும் முடிவு அறிவிக்கும் ஃபார்ம் 410-ஐயும் போட்டுக் குழுவை மூடுங்கள். மூடாமல் விட்டால் ஆண்டுக் கட்டணமும் அரையாண்டு அறிக்கைகளும் தொடர்ந்துகொண்டே இருக்கும்.